அரக்கில் நின்ற கத்தி

மலையில் எல்லைக் காவல் பார்த்து ஓய்ந்தவன் நான். ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் ஒரு வேலையை முழுதாகக் கற்று, முழுதாகச் செய்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மலையிறங்கி வந்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

சென்ற வாரம், ராஜபாளையத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் பஞ்சுக் கிட்டங்கிக்கு இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். நான் விட்டுவிட்டு வந்த அதே கம்பெனியில், அதே வாச்சர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள். ஒருவன் சேத்தூர்க்காரன், கருப்பசாமி. மற்றவன் உள்ளூர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், ரங்கன். ரங்கன் இடுப்பிலிருந்து ஒரு கத்தியை உருவிப் பஞ்சு மூட்டையின் மேல் வைத்தான்.

வைத்தான் என்பதைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் பகை வரும் என்பார்கள். ஒருவன் கீழே வைக்க வேண்டும். மற்றவன் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வழக்கத்தை வைத்துத்தான் ஒரு மனிதரின் வயிற்றில் அடித்தார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

“அண்ணே, கம்பெனியில புதுசாக் குடுத்திருக்காவ. மலைக்குத் தாங்குமான்னு நீங்க பாத்துச் சொல்லணும்” என்றான் கருப்பசாமி.

கத்தி கண்ணாடிபோல் பளபளத்தது. நான் அலகைப் பார்க்கவில்லை. பிடியைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தேன். வழுவழுவென்று மூடியிருந்தது. இரும்பு எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே கத்தி. ஒரு மனிதரின் கை போன பிறகும் அதே கத்தியை வாங்கி, அதே மலைக்கு, வேறு இரண்டு பேர் இடுப்பில் கட்டி அனுப்புகிறார்கள்.

அதனால் எழுதுகிறேன். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த மரியாதையை நான் அவர்களுக்குச் செய்யமாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா வன்னியம்பட்டியில் சம்சாரி, காடு கழனி பார்க்கிறவர். எட்டாவது தேறியதும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையில் ஏலமும் மரமும் வைத்திருந்த கம்பெனிக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். எல்லைக் கற்களில் செதுக்கியிருந்ததைப் படிக்க ஆள் தேவைப்பட்டது. காக்கி உடுப்பு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் போன அன்று அப்பா என்னை “வாங்க” என்று கூப்பிட்டார். முதல் வருடம் முழுவதும் அட்டைக்கு உப்பு தடவவும், மழைக்கு முன் விறகை உள்ளே இழுக்கவும், யானைச் சாணம் சூடாக இருந்தால் வந்த வழியே திரும்பவும் கற்றுக்கொண்டேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் மலையடிவாரத்தில் எங்களை நிறுத்துவார்கள். கூட்டம் நம் எல்லைக்குள் விறகொடிக்க வராமல் பார்க்க வேண்டும். மற்ற நாளெல்லாம் மலைதான். எல்லையைச் சுற்றி நடப்போம். சாய்ந்த பொழுதில் ஒரு பாறைக்கடியில் தங்குவோம். விடிந்ததும் மறுபடி நடப்போம்.

இந்த வேலையில் துப்பாக்கியைவிட, லாந்தரைவிட முக்கியம் கத்தி. முதல் சில மாதங்களிலேயே எனக்குப் புரிந்தது அது. எல்லைக்கோட்டில் வளர்ந்த முள்ளை வெட்ட, படுக்க இலை அறுக்க, கூடாரக் குச்சி சீவ, ஈர விறகின் மேல்தோலைச் சீவிக் காய்ந்த உள்கட்டையை எடுக்க, வழியில் விழுந்த மரத்தைத் தறிக்க, கறிக்கு வெங்காயம் அரிய, எல்லாம் ஒரே கத்திதான். அப்படிப்பட்ட கத்தியை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடையில் எல்லாரும் அலகைத் தடவிப் பார்க்கிறார்கள். அலகு மழுங்கினால் ஆற்றுக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். பிடி கழன்றால் மலையில் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதலில் பிடியின் அடியைப் பாருங்கள். அலகின் இரும்பு பிடிக்குள் முழுதும் ஓடி, அடியில் வெளியே வந்து, சுத்தியலால் அடித்து மடக்கப்பட்டிருக்க வேண்டும். முன்பக்கம் இரும்புப் பூண் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல், விரற்கடை நீள இரும்பை மரத்துக்குள் செருகி அரக்கை உருக்கி ஊற்றியிருந்தால் அது வீட்டுக் கத்தி. மாங்காய் நறுக்கலாம். மலைக்கு ஆகாது.

எங்களோடு பொதிமாடு ஓட்டி வந்த மாடசாமி அண்ணாச்சியிடம் ஓர் அரிவாள் இருந்தது. சேத்தூர்ப் பட்டறையில் சொல்லி அடித்தது. நுனியில் கிளிமூக்குபோல் ஒரு நெளிவு. பார்க்க அழகே கிடையாது, கரிபிடித்த கறுப்பு. பிடி கருவேலங்கட்டை. இரும்பு அடிவரை ஓடி மடங்கியிருக்கும். என்னை அவர் “வாத்தியாரே” என்றுதான் கூப்பிடுவார்.

“வாத்தியாரே, கல்லுல என்ன எழுதிருக்கு?”

“நாற்பத்தொன்று அண்ணாச்சி.”

“போன தடவையும் அதான இருந்தது? கல்லு நவண்டிருமோன்னுதான் ஒம்மைப் படிக்க வச்சுக் கூட்டிட்டு வந்திருக்காவ போல.”

சமையலுக்கு வந்த சூசை அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். அவருக்கும் மாடசாமி அண்ணாச்சிக்கும் ஓயாத வாய்ச்சண்டை. இருவரில் ஒருவர் வராத நடை சப்பென்று இருக்கும்.

பிறகு புது சூப்பிரண்டு வந்தார். அவரைப் பற்றி நான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. குரல் உயராது. எல்லாரையும் “தம்பி” என்பார். எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக் கேட்டு “நல்லது” என்பார். அந்த “நல்லது” என்றால் நீங்கள் சொன்னது அந்த இடத்திலேயே செத்துவிட்டது என்று பொருள். திங்கட்கிழமைதோறும் ஆபீஸ் வராந்தாவில் வெள்ளைத் துண்டு விரித்து எங்கள் சாமான்களை வரிசையாக வைக்கச் சொல்வார். லாந்தர், விசில், பெல்ட். ஒவ்வொன்றையும் கைக்குட்டையால் தொட்டுப் பார்ப்பார். கறை இருந்தால் திட்டமாட்டார். கைக்குட்டையை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார், அவ்வளவுதான்.

அவர் கொண்டுவந்தது இரண்டு உத்தரவு. ஒன்று, முகாமுக்கு ஒரு கத்தி. அதைக் கம்பெனியே கொடுக்கும். மரத்தூள் நிரப்பிய பெட்டியில் பட்டணத்திலிருந்து வந்தன அவை. வெள்ளிபோல் முலாம், மான்கொம்பு மாதிரி மினுக்கிய பிடி, கம்பெனி முத்திரை. இரண்டு, சொந்த அரிவாளோ கத்தியோ யாரும் எல்லைக்குள் கொண்டுபோகக்கூடாது. செண்பகத்தோப்புக்கு மேலே இருந்த கம்பெனி கேட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். மரம் திருடுகிறவன் கையிலும் அரிவாள், காவல்காரன் கையிலும் அரிவாள் என்றால் எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்த மனிதர் சொன்ன எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

மாடசாமி அண்ணாச்சி கேட்டில் அரிவாளை மேசைமேல் வைத்தபோது, “மாட்டையும் விட்டுட்டுப் போகட்டுமா? திருடனும் மாடு வச்சிருக்கான்” என்றார். கேட்டுக்காரன்கூடச் சிரித்தான். அரிவாள் உள்ளே போனது.

புதுக் கத்தியின் லட்சணம் முதல் நடையிலேயே தெரிந்துவிட்டது. மத்தியானம் பாறைமேல் கிடந்த கத்தியைச் சூசை அண்ணன் எடுத்தார்; அலகு பிடிக்குள் பல் ஆடுவதுபோல் ஆடியது.

“ஏலே தம்பி, இது கத்தியாலே? வெண்ணெயில குத்துன குச்சில்லா” என்றார்.

பிடியின் வாயில் கறுப்பாக அரக்கு இளகி வழிந்திருந்தது. நிழலில் வைத்ததும் மறுபடி இறுகிக்கொண்டது. நான் சூப்பிரண்டிடம் போய்ச் சொன்னேன். மறுபடி சொல்கிறேன், நான் போய்ச் சொன்னேன். அரக்கு இளகுகிறது சார், பிடிக்குள் இரும்பு போதவில்லை, மலைக்கு இது ஆபத்து என்று நின்றுகொண்டு சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“அரக்கு என்றால் சூட்டில் இளகத்தானே செய்யும், தம்பி. நிழலில் வைக்கச் சொல்லுங்கள். நல்லது.”

நடந்தது கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில். இரவு தங்கிய பாறையடியில் காப்பி குடித்து, முகாமைக் கலைத்துக்கொண்டிருந்தோம். மாடசாமி அண்ணாச்சி பொதியேற்றி மாட்டை முன்னால் ஓட்டிப் போனார். நான் மூட்டை கட்டிக்கொண்டே, “சூசையண்ணே, கத்தியத் தாங்க, பையில வைக்கணும்” என்றேன். அவர் கடைசி விறகைப் பிளந்து முடித்திருந்தார். “இந்தா வச்சிருக்கேன், எடுத்துக்கோ” என்று அடுப்புக்கல்மேல் வைத்தார். அங்கே எல்லாம் மழை ஈரம், சேறு. காய்ந்திருந்த ஒரே இடம் அடுப்புக்கல்தான். வேறு எங்கே வைப்பார்? நான் மூட்டையின் முடிச்சைப் போட்டுவிட்டு எடுக்கலாம் என்றிருந்தேன்.

அதற்குள் வளைவுக்கு அந்தப் பக்கம் மாடு அலறியது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். பாசிப் பாறையில் பின்னங்கால் வழுக்கி மாடு சரிவில் இறங்கிவிட்டது. பொதியின் கனம் கீழே இழுக்கிறது. அண்ணாச்சி மாட்டைக் காப்பாற்றக் கயிற்றை ஒரு தான்றி மரத்தில் சுற்றியிருக்கிறார். சுற்றும்போது இடது கை கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் கனமுள்ள தேங்காய்நார்க் கயிறு. மாடு துள்ளத் துள்ள அது கையை மரத்துக்குள் புதைத்தது. அவர் கத்தவில்லை. முகம் சாம்பலாகியிருந்தது.

“வாத்தியாரே, கயித்த வெட்டும். மாடு போனாப் போகுது. வெட்டும்.”

கயிற்றை இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. நான் திரும்ப ஓடி அடுப்புக்கல்லில் இருந்த கத்தியை எடுத்தேன். பிடி வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது. முதல் வெட்டு நன்றாக விழுந்தது. கயிற்றில் பாதி நார் தெறித்தது. இன்னும் ஒரே வெட்டு. கையை ஓங்கினேன். ஓங்கிய கை சட்டென்று கனமற்றுப் போனது. அலகு என் தலைக்கு மேலே பறந்து, பாறையில் கிணுங்கென்று ஒரு சத்தம் போட்டு, பள்ளத்துக்குள் போய்விட்டது. என் கையில் வெறும் பிடி. அதன் வாயில் அரக்கு நூல் நூலாக இழுத்துக்கொண்டிருந்தது.

மூன்று பேர், ஒரு கத்தி. அது போனால் வேறு ஒன்றும் கிடையாது. சூசை அண்ணன் ஒரு கூர்க்கல்லைத் தூக்கி வந்தார். பாதி அறுந்த கயிற்றை மரத்தோடு வைத்து நசுக்கினோம். ஒவ்வொரு அடிக்கும் அதிர்ச்சி கைக்குத்தான் போகும். அண்ணாச்சி, “அடிங்கடா, நிப்பாட்டாதீங்க” என்று மட்டும் சொன்னார். உலை கொதிக்கிற நேரம் ஆகியிருக்கும். கயிறு அறுந்தது. மாடு கீழே போன சத்தத்தைக் கேட்டு அவர் அப்போதுதான் அழுதார்.

துணி சுற்றிச் சுமந்து மலையிறக்கினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கையைப் பார்த்துவிட்டு, உயிருக்கு மோசமில்லை, விரல்கள் நிற்காது என்றார்கள். இடது கையில் கட்டைவிரலோடு மூன்று விரல் போயிற்று. மிச்சம் இரண்டும் மடங்காது.

அந்த அரிவாள் அவர் இடுப்பில் இருந்திருந்தால் வலது கையாலேயே வெட்டிக்கொண்டிருப்பார். எங்களைக் கூப்பிட்டிருக்கக்கூட மாட்டார். அது கேட்டில், மேசைக்கு அடியில், பத்திரமாக இருந்தது.

விசாரணை வைத்தார்கள். சூப்பிரண்டு நகத்தைச் சீவிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, “கத்தி எங்கே, தம்பி?”

நான் பிடியைக் காட்டினேன்.

“அலகு எங்கே?”

பள்ளத்தில் என்றேன். “நல்லது” என்றார். பிறகு சூசை அண்ணனைப் பார்த்து, “ஏன் அடுப்பில் வைத்தீர்கள்?” என்று கேட்டார்.

“அடுப்புல வைக்கல ஐயா, அடுப்புக்கல்லுல வச்சேன். தம்பி கேட்டான், வச்சேன்.”

“கையில் கொடுத்தால் என்ன?”

“கத்தியைக் கையில குடுக்கலாமா ஐயா?”

“நீங்கள் கிறிஸ்தவர்தானே? உங்களுக்கும் இந்த மூடநம்பிக்கை உண்டா?”

“கோயில் வேற ஐயா, கைப்பழக்கம் வேற. எங்க சாமியாரே கத்தியை வச்சாத்தான் எடுப்பாரு.”

சூப்பிரண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். மதுரையிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வருகிறார், நீங்கள் படித்த பிள்ளை, உங்கள் வாயால் சொன்னால் நம்புவார் என்றார். சமையல்காரன் மூடநம்பிக்கையால் கம்பெனிக் கத்தியை நெருப்பருகே வைத்தான், அதனால் பிடி இளகியது, அதனால் விபத்து. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டும். “இதில் பொய் ஏதாவது இருக்கிறதா, தம்பி?”

பொய் இல்லை. எரிச்சல் அதில்தான். ஒவ்வொரு சொல்லும் உண்மை, மொத்தமும் பொய். நெருப்பருகே வைக்க முடியாத கத்தியை மலைக்கு எவன் கொடுத்தான்? வெயிலில் வைக்கக்கூடாது, அடுப்பருகே வைக்கக்கூடாது, சேற்றில் வைத்தால் திங்கட்கிழமை கைக்குட்டை காட்டுவார். பிறகு எங்கேதான் வைப்பது? முகாம் என்றால் நெருப்பு. நெருப்பில்லாத முகாம் எந்த மலையில் இருக்கிறது? என்னைப் படிக்க வைத்தது, ஒரு சமையல்காரரின் சோற்றில் மண்ணைப் போட இங்கிலீஷில் நாலு வாக்கியம் சொல்லவா?

துரை வந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி ஆடியதை முன்பே சொன்னேன் என்றும் சொன்னேன். பிடியை நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். சூப்பிரண்டைப் பார்த்து ஏதோ கேட்டார். “நெருப்புச் சூடு, சார். இவர்கள் வழக்கம்” என்று பதில் வந்தது. நான் முன்பே வந்து சொன்னது பற்றிக் கேட்டதற்கு, அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார், அதே தாழ்ந்த குரலில். துரை பிடியை மேசைமேல் வைத்துவிட்டு, அலகைத் தேட ஆள் அனுப்பினீர்களா என்று கேட்டார்.

மாடசாமியின் விரல் எங்கே என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

சூசை அண்ணனுக்கு அன்றோடு வேலை போயிற்று. வெளியே வந்து, “விடுலே, சோறாக்குதவனுக்கு ஊரெல்லாம் அடுப்பு” என்று என் தோளில் தட்டினார். எனக்குத்தான் ஆறவில்லை. குறைந்தபட்சம் அரிவாளையாவது வாங்கிக் கொடுப்போம் என்று, கட்டுப் பிரித்த பிறகு அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். ஒப்படைத்த சாமானைத் திருப்பி வாங்க இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்றான் கேட்டுக்காரன். அண்ணாச்சி இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவன் எழுந்து ஆபீசுக்குப் போனான். வலது கை ரேகை போதுமா என்று சூப்பிரண்டிடம் கேட்டு வந்தான். விதியில் இடது என்றுதான் இருக்கிறது, மேலே எழுதிக் கேட்டுச் சொல்கிறேன், நல்லது என்றாராம்.

“வாரும் வாத்தியாரே, போவோம்” என்றார் அண்ணாச்சி. “அது அங்கன கெடந்துட்டுப் போகுது. ஒத்தக் கையில நான் எதை வெட்டப் போறேன்?”

மறுநாள் காக்கி உடுப்பை மடித்து, வராந்தாவில் விரித்திருந்த வெள்ளைத் துண்டின்மேல் வைத்துவிட்டு வந்தேன். விசாரணை முடிந்து எல்லாரும் எழுந்தபோது மேசையிலிருந்து எடுத்த பிடி மட்டும் என்னிடமே இருந்தது. கம்பெனிச் சொத்து என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

இவ்வளவையும் கருப்பசாமிக்கும் ரங்கனுக்கும் சொன்னேன். அந்தப் பிடியைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து மூட்டைமேல் அவர்களுடைய கத்தியின் அருகே வைத்தேன். பட்டறையில் போய்ச் சொந்தமாகக் கத்தி அடித்துக்கொள்ளுங்கள். இரும்பு அடிவரை ஓடட்டும். கேட்டில் கேட்டால் தரமாட்டோம் என்று சொல்லுங்கள், வேலை போனால் போகட்டும், விரல் இருக்கும் என்றேன். ரங்கன் தன் கத்தியை எடுக்கவே தயங்கினான்.

கருப்பசாமி மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, அந்த அருவா, நுனியில கிளிமூக்கு மாதிரி நெளிஞ்சிருக்கும்னு சொன்னீகளே. கருவேலம் பிடியா?”

“ஆமா.”

“அது ஆபீஸ்லதான் கெடக்கு. அதுலதான் சூப்பிரண்டு ஐயாவுக்குத் தெனமும் எளநீ சீவுதோம்.”

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“பிடி ஆடுதா?”

“எங்கண்ணே ஆடும்? கல்லு மாதிரி இருக்கு.”